திங்கட்கிழமைக்குள்

ரோடெல் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாயிற்று. மே மாதம் கொரோனாவுக்காக அவன் எடுத்துவந்த ஆங்கில வகுப்புகளை இழுத்து மூடியதிலிருந்து பனியனோடு சோபாவில் கிடந்த மனிதன், வெள்ளிக்கிழமை காலையில் செய்தியைக் கேட்டதும் துள்ளி எழுந்தான். திங்கட்கிழமை முதல் சைகோனில் யாரும் வாசற்படி தாண்டக் கூடாது. அரிசியும் காய்கறியும் பட்டாளத்துக்காரர்களே வீடு தேடிக் கொண்டுவந்து தருவார்கள். பட்டாளத்தை நம்பி வயிற்றை வளர்க்க ரோடெல் தயாராக இல்லை. மதியத்துக்குள் அரிசி இரண்டு மூட்டை, கருவாடு, சார்டைன் டப்பாக்கள், வினிகர், கூடுதலாக ஒரு காஸ் சிலிண்டர் எல்லாம் மாடிக்கு வந்து சேர்ந்தன. இருப்பதே ஒரு அறை. நடக்க இடமில்லை.

"ஜோ, பாத்தியா? ரெண்டு மாசத்துக்கு ஒரு பயலும் நம்மள அசைக்க முடியாது. ராஜா ராணி மாதிரி இருக்கலாம்."

ராணி, அதாவது அவன் மனைவி ஜோவலின், டப்பாக்களைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

ரோடெல் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லாம் ஜோவலினைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் யாரும் அவனோடு ஒரே அறையில் ஆறு வருடம் இருந்ததில்லை. 'நமக்கு இந்தச் சட்டை வேணாம்', 'நமக்குக் குழந்தை இப்ப வேணாம்', 'நமக்கு அவ சிநேகிதம் சரிப்படாது' என்று எல்லாவற்றையும் இரண்டு பேருக்குமாக அவனே விரும்புவான், அவனே வெறுப்பான். அவள் கடைக்குப் போனால் போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டே போகவேண்டும். தக்காளி வாங்குவதை அவன் சோபாவில் கிடந்தபடி பார்ப்பான். நல்ல தக்காளியா என்று பார்ப்பதற்காக அல்ல. விவாகரத்து என்ற பேச்சே அவர்கள் நாடான பிலிப்பைன்ஸின் சட்டத்தில் கிடையாது. இருப்பது ஒரே வழி, எழுந்து போய்விடுவதுதான்.

போவதற்கு ஒரு இடமும் இருந்தது. சைகோனிலேயே கோ வாப் பகுதியில் இருக்கும் லேனி, ஜோவலினோடு பாலர் பள்ளியில் பாடம் எடுக்கும் சின்னப் பெண். லேனியோடு தங்கியிருந்தவள் ஊருக்குப் போய்விட்டாள். ஒரு கட்டில் காலி.

"அக்கா, சனிக்கிழமையே வந்துடு. சந்து சந்தா நடந்து வந்தா எங்கயும் தடுப்பு இல்ல, ஒரு மணி நேரந்தான்" என்று லேனி போனில் கிசுகிசுத்தாள். "திங்கட்கிழமை ஆச்சுன்னா நீ நெனச்சாலும் வர முடியாது. அந்த ஆளோடயே கெடக்க வேண்டியதுதான்."

"வந்துடறேன்டி."

சனிக்கிழமை அவள் போயிருக்கலாம். துணிப்பை தயாராக இருந்தது. இருவரில் அன்றைக்குக் கடைக்குப் போகும் முறையும் அவளுடையதுதான். ஆனால் புது வீட்டுக்குள் அரிசியும் உப்பும் முதலில் போகவேண்டும், அப்புறம்தான் ஆள் போகலாம். மணிலாவில் மாளிகை கட்டினவரும் அப்படித்தான் செய்வார், கொட்டகை போட்டவரும் அப்படித்தான் செய்வார். இரவல் கட்டிலுக்குப் போகிறவளும் அப்படித்தான் செய்யவேண்டும். கல்யாணமாகிக் குடிபுகுந்த முதல் வீட்டில் ரோடெல் அவசரப்பட்டு சோபாவைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு நுழைந்தான். அது எப்படி முடிந்தது என்று பார்த்தோமே என்பது அவள் கணக்கு. காலையில் போய் வாங்கி வந்துவிடலாம், சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள்.

அரிசி சுலபமாகக் கிடைத்தது. உப்புதான் இல்லை. ஊரே உப்பை அள்ளிக்கொண்டு போயிருந்தது. வீடியோவில் ரோடெலுக்குத் தக்காளியைக் காட்டியபடி கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு மீன்காரி இரக்கப்பட்டுத் தன் டப்பாவிலிருந்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்குள் வந்து மூச்சு விடுவதற்குள் ஆறு மணிச் சங்கு ஊதிவிட்டது. அதற்குமேல் தெருவில் காக்கா குருவி நடமாடக் கூடாது. ஒரு கைப்பிடி உப்புக்காக ஒரு நாளையே தொலைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதோடு போகவில்லை. வாங்கிவந்ததை எல்லாம் அடுக்குகிறேன் பேர்வழி என்று ரோடெல் அவள் கடைப்பையைக் கவிழ்த்தான். தக்காளி, கீரை, அப்புறம் மூடி போட்ட புது ஜாடி. ஜாடி நிறைய அரிசி, மேலே உப்புப் பொட்டலம். ஜாடியைக் கையில் எடுத்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. அவனும் மணிலாக்காரன்தானே.

"வீட்டுல ரெண்டு மூட்டை இருக்கு. இது எதுக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மாவா."

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை. ஜாடியைத் திறந்து அரிசியை மூட்டையில் கொட்டினான். உப்பை அடுப்பங்கரை டப்பாவில் கொட்டினான். ஜாடியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தான்.

"நமக்கு ஒரு வீடு போதும், ஜோ" என்றான்.

விடிந்ததும் குப்பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போனவன், திரும்பி வந்து பூண்டுச் சோறு தாளிக்க ஆரம்பித்தான். சீட்டியடித்துக்கொண்டே தாளித்தான். ஜோவலின் துணிப்பையைத் தோளில் மாட்டினாள். அரிசியும் வேண்டாம், உப்பும் வேண்டாம், ஆள் போய்ச் சேர்ந்தால் போதும்.

"கடைக்குப் போறேன்."

"போயிட்டு வா" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல். போனில் வீடியோவைப் போடச் சொல்லவில்லை. அப்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

சந்து முனையில் தகரத்தை நிறுத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் லோய் மாமா, நீல பிளாஸ்டிக் உடுப்புக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்றார். சந்துக்குப் பொறுப்பாளர். சாதாரண நாளில் யார் வீட்டு நாய் எங்கே அசிங்கம் பண்ணியது என்று விசாரிக்கிறவர்.

"டீச்சர்! அங்கயே நில்லு, கிட்ட வராத!"

"மாமா, திங்கட்கிழமைலேர்ந்துதானே அடைப்பு?"

"அது ஊருக்கு. நம்ம சந்துக்கு இன்னைக்கே. காய்ச்சல் வந்திருக்கில்ல?"

"யாருக்கு?"

"யாருக்கா? நல்லாக் கேட்ட போ. உனக்குத்தான். உன் வீட்டுக்காரன் விடிஞ்சதும் ஓடிவந்து சொன்னானே."

ரோடெலுக்கு வியட்நாமியத்தில் மொத்தமே பத்து வார்த்தை தெரியும். மாடியைக் காட்டி, 'மனைவி' என்று சொல்லி, நெற்றியில் கை வைத்து, 'காய்ச்சல்' என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவு போதுமாக இருந்தது. அடுத்த சந்தில் போன வாரம் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தபோது வாசலில் கயிறு கட்டி, சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனதை அவன் பார்த்திருந்தான். அதேபோல் நம் வாசலிலும் கயிறு கட்டிவிட்டால் இவள் எங்கே போவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நேற்றிலிருந்து சட்டம் மாறி, வெறும் காய்ச்சல்காரர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. வியட்நாமியச் செய்தியை அவனுக்குப் படித்துச் சொல்கிறவளே ஜோவலின்தான். நேற்று அவள் உப்புக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

"வண்டி வந்துக்கிட்டிருக்கு" என்றார் லோய் மாமா. "பள்ளிக்கூடத்துல பெரிய ஹால் இருக்கில்ல, அங்க வச்சுத்தான் சோதனை பண்ணுவாங்க. பையோடயே கெளம்பி வந்துட்டியே, நல்ல பொண்ணு! மத்தவங்கள எல்லாம் கையக் காலப் பிடிச்சு இழுக்க வேண்டியிருக்கு."

அவர் முகத்தைச் சுருக்கினார்.

"ஏம்மா, பாத்தா நல்லாத்தானே இருக்க? சூடு பாக்கற மெஷின் வேற நேத்தே புட்டுக்கிச்சு. இங்க பாரு, அவன் சொன்னது தப்புன்னா இப்பவே சொல்லிடு. வண்டிய அனுப்பிடறேன், நீ பேசாம வீட்டுக்குள்ள போயிடலாம்."

வீட்டுக்குள். இரண்டு மூட்டை அரிசி, கருவாடு, சீட்டியடித்துக்கொண்டு ரோடெல். பள்ளிக்கூட ஹாலைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். வரிசையாக நூறு கட்டில், நூறு இருமல். இல்லாத காய்ச்சலும் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். போன மாதம் நோய் உறுதியாகி இதே சந்திலிருந்து போன தையல்காரர் சாம்பலாகத்தான் திரும்பி வந்தார். அவளுக்குச் சாகப் பயம். ரொம்பப் பயம்.

வெள்ளை வண்டி தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த ரோடெல், அடுத்த நிமிடம் கரண்டியோடு செருப்பில்லாமல் ஓடிவந்தான். லோய் மாமாவின் ஆட்கள் இரண்டு பேர் குறுக்கே கம்பை நீட்டி அவனைத் தடுத்தார்கள்.

"ஜோ! நான் பொய் சொன்னேன்! உனக்கு ஒண்ணுமில்ல, நான்தான் பொய் சொன்னேன்! இவங்ககிட்ட சொல்லு ஜோ!" என்று தங்கள் பாஷையில் அலறினான். மார்பில் அடித்துக்கொண்டான். தெரிந்த பத்து வார்த்தையில் 'பொய்' இல்லை. "உனக்குக் கோடி புண்ணியம், சொல்லு! நீ எங்க வேணாலும் போ, அங்க மட்டும் போகாத!"

மாடிகளில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லோய் மாமா அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றான்?"

ஜோவலின் ரோடெலைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல்.

"உடம்பப் பாத்துக்கோ, கவலைப்படாமப் போயிட்டு வான்னு சொல்றார், மாமா."

"தங்கமான மனுஷன்" என்றார் லோய் மாமா.

தகரத்தை ஒதுக்கி வழிவிட்டார்கள். வண்டிக்குள் ஏற்கெனவே மூன்று பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஜோவலின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள்.