மீதியை அவரே சொல்லட்டும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயரல்ல. திக்குவாய் வாங்கிக் கொடுத்த பெயர். அவர் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் அது வாசலில் நின்று செருப்பை மாட்டி, சாவியைத் தேடி, குடையை எடுக்க உள்ளே திரும்பி, அப்புறம்தான் வெளியே வரும். அப்படிப்பட்டவருக்கு அங்கே என்ன வேலை என்றால், போனில் பேசுவது.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரே முந்திக்கொண்டு சிரித்துவிடுவார். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மணி இங்கே அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். மாட்டியவருக்கு எங்கே போகிற அவசரம்? இவர் அடுத்த வார்த்தையைச் சொல்லி முடிப்பாரா என்ற கவலையில் அவர்கள் தங்கள் கவலையை மறந்துவிடுவார்கள். கதவு திறந்த பிறகும், "அந்தக் கதை என்ன ஆச்சு, அதைச் சொல்லிட்டு வைங்க சார்" என்று இறங்காமல் நின்றவர்கள் உண்டு.

அந்தப் போன் அறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நிதானத்தின் வார்த்தையை யாரும் முடித்துவைக்கக் கூடாது. சட்டத்தைக் காப்பவர், பக்கத்து மேஜையில் இருந்த அக்கா. எல்லோருக்கும் மூத்தவர். புதிதாக வந்த மெக்கானிக் ஒருவன் ஒருமுறை அவசரப்பட்டு மீதியைச் சொல்லிவிட்டான். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "உன் டிபன் பாக்ஸை நான் தின்னு முடிச்சா ஒத்துக்குவியாடா?" அதோடு சரி.

பிறகு புது மேனேஜர் வந்தார். எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போலப் பேசுவார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"ப-ப-ப..."

"பத்தா?"

"ப-ப..."

"பதினஞ்சு? சரி விடுங்க."

பழைய மேனேஜருக்கு முன்னாலிருந்தே, என்று அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே குடித்தனம் நடத்தியது.

மறுநாளே உத்தரவு வந்தது. இனி போனை எடுத்தால் வணக்கத்தில் ஆரம்பித்துக் கம்பெனியின் முழுப் பெயரில் முடியும் நீளமான வரி ஒன்றை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நிதானம் எப்போதும் "ஆங், சொல்லுங்க" என்று தொடங்குவார். அது ஒன்றுதான் அவருக்கு இடறாமல் வரும். புது வரியில் அவர் மூன்றாவது தடவையாக வழுக்கி விழுந்தபோது மேனேஜர் போனை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்க பேசினா நம்ம லிஃப்டும் திக்கும்னு ஜனங்க நினைப்பாங்க. நீங்க பின்னாடி ஸ்பேர் பார்ட்ஸ் ரூம்ல இருங்க. அதையும் மாசக் கடைசியில மூடறோம். அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கட்டிக்கொள்கிறாயா என்று கேட்க அவர் ஒரு முழுச் சாயங்காலத்தை எடுத்துக்கொண்ட அன்றும், நடுவில் 'சரி' என்று குறுக்கிடாமல் உட்கார்ந்திருந்தவள்.

"வேற வேலை வேணா தேடலாம்," என்றாள் கடைசியில். "ஆனா நீங்களா எழுந்து வந்துடாதீங்க."

ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் கம்பிச் சுருள்களுக்கும் கிரீஸ் டப்பாக்களுக்கும் நடுவே உட்கார்ந்து அவர் ஒரே கனவைக் கண்டார். மேனேஜர் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார், சிவப்புப் பொத்தானை அமுக்குகிறார், இந்தப் பக்கம் 'ஆங், சொல்லுங்க' கேட்கிறது. கனவில் ஒரே குறை: ஆபீசுக்கு மாடியே கிடையாது. மேனேஜர் வீடும் தரைத்தளம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். கடவுள்கூட சிக்கனக்காரர்தான்.

அப்போதுதான் அந்த அறையின் சுவரில் தூசி படிந்து கிடந்த போன் அடித்தது.

"சார்... லிஃப்ட் நின்னுடுச்சு... இருட்டா இருக்கு..." ஒரு அம்மாவின் குரல், அழுகைக்குப் பக்கத்தில்.

"ஆங், சொல்லுங்க," என்றார் நிதானம், தன்னை அறியாமல்.

அது முடிந்து கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மறுநாளும். மிரண்டுபோய் அழைப்பவர்கள் எல்லோரும் எப்படியோ ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்கே வந்து சேர்ந்தார்கள். முன்னறையில் ஆளாளுக்கு, "அடடா, லைன் மாத்துற பொத்தானைத் தப்பா அமுக்கிட்டேன் சார்" என்று நெற்றியில் அடித்துக்கொள்வது உள்ளே வரை கேட்டது. இருபது வருடம் போனைப் பிடித்த விரல்களுக்கு ஒரே வாரத்தில் அத்தனை மறதி.

மேனேஜர் போன் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், அக்கா கொடுத்த டீயைக் குடித்தார்.

"போன்ல ஒண்ணும் இல்லீங்க. கோளாறு விரல்லதான் இருக்கு."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"யார் பண்ணது? பண்ணவங்க இப்பவே சொல்லுங்க. வேலை போயிடும், ஆமா."

"நான்தான்," என்றார் அக்கா. பென்ஷனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்.

"நானும்தான் சார்," என்றாள் வீட்டுக்கடனில் கழுத்துவரை நின்ற ஓரத்து மேஜைக்காரி.

"எனக்கு மேஜையே இல்ல," என்றான் டிபன் பாக்ஸ் மெக்கானிக். "அக்கா சாப்பிடப் போனப்ப நானும் ரெண்டு தடவை அமுக்கினேன்."

கதவோரம் நின்ற நிதானம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தனக்காக இத்தனை பேர் தெருவுக்கு வருவதா? நான் போய்விடுகிறேன், இவர்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் உள்ளே வந்தார்.

"சார், நா-நா-நா..."

"என்ன? நான் வேலையை விட்டுப் போறேன்னுதானே சொல்றீங்க?"

முதல்முறையாக மேனேஜர் சரியாகச் சொல்லிவிட்டார். அதுதான் நிதானத்துக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் தப்பாக முடித்தது பரவாயில்லை, சரியாக முடிப்பதா? இது யார் வாய், யார் வார்த்தை?

"இ-இ-இல்ல," என்றார். "நா-நான் போ-போகமாட்டேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் மேஜைப் போன் அடித்தது. அவர் அதை எடுத்து, மேனேஜரின் மூக்குக்கு முன்னாலேயே நிதானத்திடம் நீட்டினார். இந்த முறை எந்தப் பொத்தானும் தேவைப்படவில்லை.

"ஆங், சொல்லுங்க."

வயசானவர் ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டு. நிதானம் அவரோடு பேசினார். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மேனேஜர் நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தார். போன் அவரிடம் இல்லாததால் மூடிக்கொண்டார். ஒரு முழு அழைப்பையும் அவர் நின்று கேட்டது அன்றுதான். முடிவில் அந்தப் பக்கத்தில் கதவு திறக்கும் சத்தமும், பெரியவர் எதற்கோ சிரிப்பதும் அறை முழுக்கக் கேட்டது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு மட்டும் இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாசக் கடைசி வந்து போனது, ஸ்பேர் பார்ட்ஸ் அறையைப் பூட்டினார்கள். அந்த 'இன்னிக்கு' மட்டும் இன்னும் முடியவில்லை.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்ட அன்று மாலை எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நிதானம் எழுந்து நின்றார். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதுவோ அவருடைய பரம எதிரிகளில் ஒன்று.

"ந-ந-ந..."

அக்கா பையைக் கீழே வைத்தார். ஓரத்து மேஜைக்காரி திரும்ப உட்கார்ந்தாள். மெக்கானிக் வாயைத் திறந்து, டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்து, மூடிக்கொண்டான். வெளியே அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது.

ஒருத்தரும் அசையவில்லை. வார்த்தை சாவியைத் தேடி, குடையை எடுத்துக்கொண்டு, மெதுவாக வந்து சேர்ந்தது.