முந்தானையில் ஒரு பிடி அரிசி

லிங்கி ஆற்றுப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு, பால்வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் வாசலில் வரிசை பிடித்து நிற்க வேண்டியதாயிற்று. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதனால் வேலைக்காரன் தன் வயிற்றுக்கும் ஒரு வாய் சோறு எடுத்துப்போகக் கூடாது. கறுப்புக் காப்பியோடு போக வேண்டும். ஒரு மணி அரிசி அகப்பட்டாலும் ஜெயில். பட்டினி போட்டுப் போர் நடத்துகிற துரைமார்களுக்கு, அந்தப் பட்டினி முதலில் யார் தலையில் விடியும் என்கிற கவலையெல்லாம் கிடையாது.

ராக்கம்மாவுக்கும் இந்தச் சட்டம் தெரியும். தெரிந்தும் அவள் முந்தானை முடிச்சில் ஒரு பிடி அரிசி இருந்தது.

யாருக்கும் கடத்திக் கொடுக்க அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து நடந்து வந்த நாள் முதல் அந்த முடிச்சு அவள் இடுப்பில்தான் இருக்கிறது. வண்டு விழுந்தால் கோழிக்குப் போட்டுவிட்டு வேறு அரிசி முடிந்துகொள்வாள். "விட்டுத் தொலைம்மா, நீ மாட்டிக்கிட்டா நான் தனியா நிக்கணும்," என்று மகள் பஞ்சாலை கெஞ்சிப் பார்த்தாள். மகளுக்காக ஒருநாள் அவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்கக் கை நடுங்கி, பட்டையில் காயம் விழ வெட்டி, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் முடிச்சு இடுப்புக்கு வந்துவிட்டது.

பெண்களைச் சோதிக்க நீலாவதியைப் போட்டிருந்தார்கள். அவளும் அதே லயத்துக்காரிதான். பேருக்குக் கையை வைத்துவிட்டு அனுப்பிவிடுவாள். அன்றைக்கோ புதிதாக வந்த போலீஸ் சார்ஜன் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான். நீலாவதிக்கு வேறு வழியில்லை. ராக்கம்மாவின் மடியைத் தடவினாள். கை முடிச்சில் பட்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது. ராக்கம்மாவுக்குப் பின்னால் பஞ்சாலை நின்றிருந்தாள்.

"அக்கா, என்னக்கா இது," என்றாள் நீலாவதி, உதடு அசையாமல்.

பக்கத்து வரிசையில் ஒருவனின் காப்பிப் போத்தலை முகர்ந்து பார்க்க சார்ஜன் குனிந்தான். ராக்கம்மாவுக்கு அந்த நேரம் போதும். முடிச்சை அவிழ்த்து, அரிசியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். அவன் நிமிர்ந்தபோது அவள் கன்னம் உப்பியிருந்தது. என்ன அது என்று மலாயில் கேட்டான்.

"சீரே, துவான்," என்று முந்திக்கொண்டாள் நீலாவதி. வெற்றிலை என்றதும் அவன் முகத்தைச் சுளித்துப் போகச் சொல்லிவிட்டான்.

மரங்களுக்குள் வந்ததும் பஞ்சாலை அம்மாவை நிறுத்தித் துப்பச் சொன்னாள். கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ராக்கம்மா துப்பவில்லை. மெல்ல மென்று, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் மகளிடம் சொல்லாததைச் சொன்னாள்.

ரயில் பாதை போட ஜப்பான்காரன் ராக்கம்மாவையும் புருஷன் மாயாண்டியையும் சயாமுக்குப் பிடித்துப் போனபோது பஞ்சாலை சின்னப் பிள்ளை. பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள். சயாம் முகாமில் வாந்திபேதியில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பிள்ளை முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் முகாமை விட்டு ஓடினார்கள். பகலில் புதரில் படுத்து, இருட்டியதும் தண்டவாளத்தை ஒட்டி நடந்தார்கள். சோறு போட்ட சயாம்காரர்களும் உண்டு, பிடித்துக் கொடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சயாம்காரி ஒரு பிடி அரிசி கொடுத்தாள். மாயாண்டிக்குக் கடும் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடு என்று கேட்டான். புகையைப் பார்த்துக் காவல்காரன் வந்துவிடுவான், எல்லையைத் தாண்டியதும் வைக்கிறேன் என்றாள் ராக்கம்மா. தாண்டினார்கள். தாண்டிய இடத்திலேயே அவன் போய்விட்டான்.

"கஞ்சிக்கு வச்சிருந்த அரிசி வாய்க்கரிசியாப் போச்சு," என்றாள் ராக்கம்மா. "அவருக்காச்சும் போட நான் இருந்தேன். ஒண்டியா நடக்கறப்ப, நான் விழுந்தா எனக்கு யாரு போடுவான்னே நெனப்பு. எவனாச்சும் மனசெரங்கி வந்தாலும் அரிசிக்கு எங்க போவான்? அதான் மிச்சத்த முடிஞ்சுக்கிட்டேன்."

 பற்களுக்கிடையே இன்னும் ஒட்டியிருந்ததை நாக்கால் துழாவினாள்.

"பச்சையா மென்னா பாலு மாதிரி இனிக்குதுடி. இப்படியே மென்னு அவரு வாயில ஊட்டியிருக்கலாம். எனக்குத் தோணலையே."

 "உனக்கு நான் போடமாட்டேனாம்மா?" என்றாள் பஞ்சாலை.

"நீ பக்கத்துல இருக்கணுமே."

"சுத்திக் கம்பி கட்டி வச்சிருக்கான்லா. நான் எங்கம்மா போவேன்?"

ராக்கம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையாக மாற நேரம் ஆகவில்லை. காலியாகக் கிடந்த முந்தானை முனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்து மரத்தில் வைத்து வெட்டத் தொடங்கினாள். கை நடுங்கவில்லை.