குடத்துக்குள் மெட்ராஸ்

பஞ்சாபகேசனுக்குக் கடையில் வாங்கிய எதன்மீதும் மரியாதை கிடையாது. யுத்தம் முடிந்த மறுவருஷம், மாட்டுங்காவில் எதிர்வீட்டு வெங்கடேஸ்வரன் புது ரேடியோப் பெட்டி வாங்கி வந்ததும் அது ஒரு வெறியாகவே முற்றிவிட்டது. பகலில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, சாயங்காலத்தில் விஞ்ஞானி. தாராவியில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் காசிமிடம் வால்வு, கம்பி, காதில் மாட்டும் ஹெட்போன் எல்லாம் பொறுக்கி வந்தார். பாக்கியெல்லாம் மனைவி விசாலாக்ஷியின் சமையலறையிலிருந்து பறிமுதல். அப்பளக் குழவியில் கம்பியைக் காயிலாகச் சுற்றினார். கொலுப்படிப் பலகையை அறுத்து அடித்தட்டு செய்தார். காபி ஃபில்டரின் மூடி, ஸ்டேஷன் திருப்பும் குமிழாயிற்று. ஹெட்போனை வெறும் பித்தளைக் குடத்துக்குள் இறக்கினால் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும் என்று கண்டுபிடித்த அன்று, வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சாமி, மாடியில கட்டுற ஏரியல் கம்பியில ஈரம் படாமப் பாத்துக்கிடுங்க. பட்டுச்சுன்னா பெட்டி ஊமைதான்" என்று காசிம் சொல்லியிருந்தான். அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு போல மனைவிக்குத் தினமும் ஒப்பித்தார்.

விசாலாக்ஷிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் தங்கை நாகலக்ஷ்மி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குச் சென்னை வானொலியில் பாடுகிறாள். முதல் கச்சேரி, கால் மணி நேரம். தங்கையைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ரயில்வேக்காரர் மனைவிக்கு அத்தனை நாளும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை.

புதன்கிழமை சோதனையில் சென்னை சிக்கியது. குடத்துக்குள் யாரோ வயலின் வாசித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே கேட்டது. விசாலாக்ஷி குடத்தின் பக்கம் குனிந்தாள்.

"பாத்தியா? இப்ப வால்வு சூடேறிண்டிருக்கு. குழவியில எத்தனை சுத்துன்னு நினைக்கறே? அம்பத்தாறு!" என்று ஆரம்பித்தார். வயலின் முடிந்துவிட்டது, அவர் முடிக்கவில்லை.

மறுநாள் அவள் மெதுவாகக் கேட்டாள். "எதிராத்து மாமி கூப்பிட்டிருக்கா. நாகு பாடறதை அங்கே போய்க் கேட்டுட்டு வந்துடறேனே."

"காசை விட்டெறிஞ்சு வாங்கின பெட்டி முன்னாடி என் ஆம்படையா போய் உக்காரணுமா? நம்மாத்துப் பெட்டி பாடலேன்னா அப்புறம் எங்கே வேணாப் போ!"

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து சராயைக்கூடக் கழற்றாமல் கட்டடத்தில் பாதியைக் கூட்டிவந்து ஜமக்காளத்தில் உட்கார்த்தினார். முதல் வரிசையில் வெங்கடேஸ்வரன். அவரை அழைக்காமல் எப்படி? ஆறே கால் வரை பிரசங்கம். பிறகு ஃபில்டர் மூடியைத் திருப்பினார். குடம் குடமாகவே இருந்தது.

மூன்று மாடி ஏறி மொட்டை மாடிக்கு ஓடினார். ஏரியல் கம்பியின் மேல் அரக்குநிற ஒன்பது கஜப் புடவை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது, முந்தானை ஈரக் கைப்பிடிச் சுவரில் ஒட்டியபடி. யாரோ மடியாக உலர்த்திய புடவை. குளிக்காமல் தொடக்கூடாது, துணி உலர்த்தும் கொம்பால் தள்ளலாமென்றால் கொம்பும் மடி. போன மாதம் தன் மடி வேஷ்டியைக் கீழ்வீட்டுக்காரர் தொட்டுவிட்டாரென்று இதே மாடியில் நின்று கட்டடமே நடுங்கக் கத்தியவர் பஞ்சாபகேசன். இன்று ஆபீஸ் சராயோடு இன்னொருத்தி புடவையில் கை வைத்தால் மானம் என்ன ஆவது? குளித்துவிடலாமென்றால் குழாய் காலையிலேயே நின்றாயிற்று, குடத்துத் தண்ணீரை ரேடியோவுக்காகக் கொட்டியாயிற்று.

கீழே இறங்கி, வேஷ்டிக்கு மாறி, முற்றத்துத் தொட்டியில் இரண்டு வாளி மொண்டு தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈர வேஷ்டியோடு மறுபடி மாடிக்கு ஏறினார். புடவையை எடுத்துத் துணிக்கொடியில் போட்டுவிட்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தார்.

கூடத்தில் ஈ காக்கை இல்லை. ஜமக்காளத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன பொடி டப்பி மட்டும் கிடந்தது. குடம் மட்டும் கணீரென்று பேசியது. "இதுவரை நாகலக்ஷ்மியின் பாட்டைக் கேட்டீர்கள்."

"பாடறது! பாடறது!" என்று ஜமக்காளத்தைப் பார்த்துக் கூவினார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்து கூட்டம் கலைந்தது. விசாலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை சந்தோஷமான முகத்தை அவர் பார்த்து வெகு நாளாயிற்று.

"நன்னாப் பாடினா" என்றாள். "கடைசிப் பாட்டுல குரல் கொஞ்சம் அடைச்சுண்டுது. எனக்கும் அழுகை வந்துடுத்து."

"இங்கேயே கேட்டிருக்கலாமே! எவளோ ஒரு புத்திகெட்டவ ஏரியல்ல ஈரப் புடவையைப் போட்டுட்டா!"

"நான்தான் போட்டேன்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வால்வுக்குள் இருக்கும் இழையை இருட்டில்கூட அடையாளம் சொல்வார். பெண்டாட்டி புடவை தெரியவில்லை.

"பெட்டி பாடும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியும். பெட்டி பாடியிருக்கும். நீங்க பேசாம இருந்திருப்பேளா?"

வேஷ்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தக் குழவியை அவுத்துத் தாங்கோ" என்றாள் விசாலாக்ஷி. "நாகுவுக்கு அப்பளம் இட்டு அனுப்பணும்."