மரியராஜ் கடிதத்தின் நகல்

அருப்புக்கோட்டை ஆவுடை நூல் மில்லில் மெயில் சர்வர் வைத்தது தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆடி மாதத்தில். அதைத் திட்டமிட்டு அமைத்தவள் ஏஞ்சலின். இருபத்தாறு வயது. மதுரையில் ஒன்றரை வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மில் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தாள். முதலாளியின் மகன் மணிகண்டன் வெளிநாட்டுக்கு நூல் அனுப்ப ஆசைப்பட்டான். அங்குள்ளவர்களோ எல்லாவற்றையும் மெயிலில் கேட்டார்கள். வெளியாளைக் கூப்பிடாமல் இவளிடமே வேலையைக் கொடுத்தான்.

மூன்று வாரம் ஒரு நீளநோட்டில் எழுதி எழுதி அடித்தாள். யாருக்குத் தனிப்பெட்டி வேண்டும், யாருக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம், திருச்சுழியிலிருக்கும் இவர்களுடைய பருத்தி அரைக்கும் மில் எத்தனை மணிக்கு போன் லைனில் வந்து கடிதங்களைக் கொட்டிவிட்டுப் போக வேண்டும், இங்கிருந்து மதுரைக்கு எத்தனை முறை டயல் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தாள். காற்றடித்தால் திருச்சுழி லைன் அறுந்துபோகும். அறுந்தால் இருபது நிமிடம் கழித்து தானாகவே மறுபடி முயலும்படி வைத்தாள். மொத்தம் இருபத்திரண்டு பெட்டிகள். ஒரே கடிதம் எல்லோருக்கும் போய்ச்சேர ‘அனைவருக்கும்’ என்று ஒரு பொதுமுகவரி.

ஓட்டிப் பார்ப்பதற்கு முதல் நாள் மணிகண்டன் வந்து நோட்டைப் புரட்டினான்.

“எல்லாம் சரி. இன்னொண்ணு வேணும். யாரு எழுதுனாலும், யாருக்கு வந்தாலும் அதுல ஒரு நகல் எனக்கு வரணும். அவுகளுக்குத் தெரியக்கூடாது. முடியுமா?”

“முடியும் சார்.”

ஒரே ஒரு வரிதான். புத்தகத்தைப் பார்க்காமலே எழுதத் தெரிந்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் திருச்சுழி மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டரையும் மோடத்தையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே சூப்பர்வைசர் மரியராஜ். பத்தொன்பது வருடமாக அந்த மில்லைப் பார்த்துக்கொள்கிறவர். ஏஞ்சலின் எல்லாவற்றையும் மாட்டி முடித்தும் கம்ப்யூட்டர் உயிர்பெறவில்லை. சுவரில் பிளக்கைச் செருகவில்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

“ஏலே, இங்க பாருங்கலே! கம்ப்யூட்டர் டீச்சருக்கு பிளக்கு மாட்டத் தெரியல” என்று பருத்தி அள்ளிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

கிளம்பும்போது மரியராஜ் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பாப்பா, என் தம்பி ஜோயல் சிங்கப்பூர்ல இருக்கான். அவனுக்கு இதுல எழுதலாம்ல? வேற யாரும் வாசிக்க மாட்டாகளே?”

“உங்க பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும் அண்ணாச்சி.”

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து வாரம் ஒரு கடிதம் தம்பிக்குப் போயிற்று, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மழை இல்லை, மிளகாய் கருகிவிட்டது, நரிக்குடிப் பக்கம் ஆடு விலை இறங்கிவிட்டது என்று. மணிகண்டனுக்கு அவற்றின் நகல்கள் வந்துகொண்டே இருந்தன. அவன் திறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, திருச்சுழி மில்லில் பருத்தி அள்ளிப்போடும் முத்துத்தாயின் வலது கையை மெஷின் மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டது. உருளைக்கு மேல் இருக்க வேண்டிய இரும்பு மூடியைக் கழற்றி இரண்டு மாதமாகியிருந்தது. மூடி இல்லாவிட்டால் பருத்தி வேகமாக இறங்கும். வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும்போது கை போனதாக மில் எழுதிக்கொண்டது.

மறுநாள் பகல் ஒன்று பத்துக்கு மரியராஜின் கடிதம் சர்வரில் வந்து இறங்கியது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏஞ்சலின் திறந்தாள். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு எல்லாப் பெட்டியும் திறக்கும்.

இரண்டு முறை வாசித்தாள். மணிகண்டன் மதுரைக்குப் போயிருந்தான். ஆறு மணிக்குத்தான் வருவான். ஐந்து மணி நேரம் இருந்தது. அவன் பெட்டியிலிருந்து அந்த நகலை அழிக்க ஒரு நொடி போதும். அழித்தால் அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று யோசித்தாள். தெரியாது, அவனுக்கு அவ்வளவு விவரம் போதாது என்பதும் ஞாபகம் வந்தது. பிறகு பிளக்கும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தன. டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். மூன்று மணிக்கு டீ வந்தது. ஆறுக்கு மணிகண்டனின் கார் உள்ளே நுழையும்வரை அவள் எதையும் தீர்மானிக்கவில்லை. மதுரையில் யாரோ முத்துத்தாயைப் பற்றி அவனிடம் விசாரித்திருந்தார்கள். வந்ததும் திருச்சுழிக் கடிதங்களைத்தான் தேடித் திறந்தான்.

திங்கட்கிழமை இரண்டு மில் ஆபீஸ் ஆட்களையும் மேல்மாடி ஹாலில் கூட்டினான். மரியராஜையும் வரச்சொல்லியிருந்தான். கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து ஏஞ்சலினிடம் நீட்டினான்.

“உங்களுக்குத்தான் குரல் நல்லாருக்கும். வாசிங்க.”

அவள் எழுந்து வாசித்தாள்.

“அன்புள்ள தம்பி ஜோயலுக்கு. மூடியக் கழட்டச் சொன்னது சின்னவரு. வேணாம்னு ஒரு தடவ சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லல. அந்தப் பாவம் எனக்கும் உண்டு. மதுரையில ஒனக்குத் தெரிஞ்ச வக்கீல்ட்ட கேளு. முத்துத்தாய்க்காக நான் சாட்சி சொல்லுறேன், வேல போனாலும் சரி.”

அடுத்த பத்திக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

“நிறுத்தாதீங்க. முழுசா வாசிங்க.”

“சார்” என்றார் மரியராஜ். “அந்த வேல விசயம் வரைக்கும் போதும் சார். கீழ உள்ளது வீட்டு விசயம். அத விட்டுருங்க.”

“எழுதும்போது இனிச்சுச்சுல்ல?” என்றான் மணிகண்டன். பிறகு ஏஞ்சலினைப் பார்த்துத் தலையசைத்தான்.

அவள் வாசித்தாள்.

“மூணாவது பிள்ளையும் தங்காமப் போனதுல இருந்து ரோஸி சரியில்ல. மத்தியானம் நான் சாப்பாட்டுக்குப் போனா, வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டு இருக்கா. அவ கூச்சப்படக்கூடாதுன்னு வாசல்லயே நின்னு இருமிட்டுத்தான் உள்ள போறேன். தம்பி, எனக்கு இப்பல்லாம் வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு.”

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் இருமினார்கள். மரியராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏஞ்சலினின் குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது, அதுதான் அவளுக்கு உறுத்தியது.

தம்பிக்கு எழுதிய கடிதம் முதலாளி கையில் எப்படி வந்தது என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்றார் மில் வக்கீல். அதனால் மரியராஜே கைதவறி ‘அனைவருக்கும்’ முகவரிக்கு அனுப்பிவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். சர்வரின் பதிவேட்டில் முகவரியை ஏஞ்சலின் மாற்றினாள். அதுவும் ஒரே வரிதான்.

மில்லுக்குள்ளேயே மரியராஜ் மேல் நடந்த விசாரணையில் வக்கீல் கேட்டதற்கெல்லாம் அப்படியே சொன்னாள். கடைசியில், கேள்வி ஏதாவது உண்டா என்று மரியராஜிடம் கேட்டார்கள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “பாப்பா, வேற யாரும் வாசிக்க மாட்டாகளேன்னு அன்னைக்கு ஒங்கிட்ட கேட்டேன்ல. என்ன சொன்ன?”

“அப்படி எதுவும் நீங்க கேக்கல” என்றாள்.

மரியராஜ் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆளை அடையாளம் தெரியாத பார்வை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். வேலை போயிற்று. ஒரு வாரத்தில் மில் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

சாட்சி சொல்ல இனி மரியராஜ் வரமாட்டார் என்றானதும் முத்துத்தாயை ஆபீசுக்கு வரவழைத்தார்கள். விபத்து வீட்டில் நடந்தது என்று ஏஞ்சலின் டைப் செய்த காகிதத்தில் ரேகை வைத்தால் கூட்டுகிற வேலை தருவதாகப் பேச்சு. வலது கையில் வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. இடது கட்டைவிரலில் ஏஞ்சலின் மை தடவினாள்.

“என்ன எழுதிருக்கு தாயி?”

“வீட்டுல நடந்ததுன்னு.”

முத்துத்தாய் காகிதத்தைப் பார்த்தாள். “எங்க வீட்டுல மாடே இல்லியே” என்றாள். பிறகு விரலை அழுத்தினாள்.

மரியராஜ் காரியாபட்டியில் ஒரு கமிஷன் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். வீட்டுச்சாவியைக் கொடுக்க ரோஸிதான் அருப்புக்கோட்டை வந்தாள். சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு நேரே சர்வர் அறைக்கு வந்து வாசலில் நின்றாள். மெலிந்த உருவம், துவைத்து மடிப்புக் கலையாத சேலை.

“நீதான் ஏஞ்சலினா?”

“ஆமாக்கா. உள்ள வாங்க.”

ரோஸி வரவில்லை. “அவுக எழுதுனதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்காம்மா?”

“ஆமா.”

“என்னயப் பத்தி எழுதுனதும்?”

ஏஞ்சலின் தலையை ஆட்டினாள்.

“அத அழிச்சிரேன். ஒன்னய வேற ஒண்ணுங் கேக்கல. நாலு பேரு வாசிச்சது வாசிச்சாச்சு. அந்தப் பிள்ளைக பேச்சு இதுக்குள்ள கெடக்க வேணாம்.”

ஏஞ்சலின் மரியராஜின் பெட்டியைத் திறந்து, ரோஸி பார்க்கும்படி திரையைத் திருப்பி, கடிதங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பெட்டி காலியாயிற்று. மணிகண்டனின் பெட்டியில் அவை அத்தனையும் இருந்தன. அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த டேப்புகளிலும் இருந்தன. வாரா வாரம் எல்லாக் கடிதங்களையும் டேப்பில் பதிந்து வைக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவளே அவள்தான்.

“அவ்வளவுதானா? இனி யாரும் எடுக்க முடியாதுல்ல?”

“முடியாதுக்கா.”

ரோஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து வாழையிலையில் கட்டிய ஒரு முழம் கனகாம்பரத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“நல்லாருப்ப தாயி” என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் படியிறங்கினாள்.