ஜோடி டிரான்சிஸ்டர்

லிஃப்ட் மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிதாரை மடியில் வைத்தால் போதும், மனைவி எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவன் வாசிப்பதற்கு ஒரு ஸ்தாயி மேலே அவள் பாடுவாள். கீழ் வீட்டுக்காரர் சுவரில் துளைபோடுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டதுண்டு.

சென்ற வருடம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி நல்லபடியாகப் போனது. போகிற போக்கில் குரலின் மேல்பாதியையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. ஒருமுறை முயன்று பாதியில் நிறுத்தியவள், அதற்குப்பின் அவன் கிதாரைத் தொட்டாலே துணி மடிக்கப் போய்விடுவாள்.

அவனுக்குக் கை சும்மா இருக்காது. கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கி, கூடவே ஒரு ஸ்தாயி மேலேயும் ஒலிக்கவைக்கும் ஆக்டேவ் ஃபஸ் பெடல் என்ற சின்னப் பெட்டியைத் தானே செய்ய உட்கார்ந்தான். கரகரப்பு வந்தது, மேல் ஸ்தாயி தலைகாட்டவில்லை. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள் அலையை ஆளுக்குப் பாதியாகச் சுமக்க வேண்டும். ஒன்று வலுத்து மற்றது சோர்ந்தால் வேலைக்கு ஆகாது. ஒரு பை நிறைய வாங்கிவந்து மீட்டரில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். அதன் பெருக்கும் திறனைக் காட்டும் எண் நிலைகொள்ளவே இல்லை. ஜோடி என்று எடுத்துவைத்தவை மறுபடி பார்த்தால் ஆளுக்கொரு திசையில் நின்றன.

மடித்த துணியோடு வந்த மனைவி எட்டிப்பார்த்தாள்.

"டிரான்சிஸ்டர்னா ரேடியோன்னுதான் நெனச்சேன். இது என்ன, மிளகுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு?"

எதற்கு என்று கேட்டாள். அவனும் யோசிக்காமல் சொல்லிவிட்டான், மேல் குரல் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று. சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குப் பதிலுக்கு ஆள் தேடறீங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "பதிலுக்கு இல்லம்மா. நீ உக்கார்ற இடம் காலியா இருக்கு. என்னால அதப் பாக்க முடியல."

அவள் துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் அவன் செய்வதையே பார்த்திருந்தவள், அவன் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க கை எப்பவும் அடுப்பு மாதிரி கொதிக்கும். நீங்க தொட்டா அது சூடாயிடாதா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். சூடேறினால் எண் ஏறும். தெரிந்த விஷயம்தான், தன் விரலைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் போய்ப் புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்தாள். அவள் செருக, எண் அடங்கும்வரை காத்திருந்து அவன் குறித்துக்கொண்டான். மதியத்துக்குள் அச்சாக ஒத்துப்போகும் இரண்டு அகப்பட்டன.

இரண்டையும் பெடலில் ஈயத்தால் பற்றவைத்து, கிதாரின் கழுத்தில் விரலை மேலே நகர்த்தி ஒரு தந்தியை மீட்டினான். வந்தது மேல் ஸ்தாயி. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி, ஆனாலும் சரியான சுருதியில். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"இதுக்கு என் குரலே தேவலாம்."

அவனும் சிரித்துக்கொண்டே பழைய பாட்டொன்றை எடுத்தான். இரண்டாவது அடியில், கிதாருக்குக் கீழே இன்னொரு குரல் சேர்ந்தது. அடர்த்தியாக, சற்றுச் சொரசொரப்பாக, அவன் இதுவரை கேட்டிராத குரல். நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடுமோ என்று தலைகுனிந்தபடியே வாசித்தான். ஓரிடத்தில் அது உடைந்தது. அவன் விரலும் நின்றது.

"எனக்கு எட்டல," என்றாள், எழுந்திருக்காமலே. "கொஞ்சம் கீழ எடுங்க. மேல அது பாத்துக்கட்டும்."

அவன் முறுக்காணிகளைத் தளர்த்தி, அவள் முனகும் சுருதிக்குத் தந்திகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினான்.