புது டப்பா மருந்து

குறைந்த அளவு மருந்து போட்ட முதல் படியின் மூன்று தோட்டாக்களும் சாதுவாக வெடித்தன. டெல்மர் காலிக் கூடுகளைப் பொறுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியையும் வெயிலில் திருப்பிப் பார்த்தார். நடுவிலிருந்த கேப்பின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின், ஓரம் உருண்டையாகவே இருந்தது, நசுங்கவில்லை; அழுத்தம் மிஞ்சவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

"என்னடா, வைரம் வாங்க வந்தவன் மாதிரி பாக்குற? அடுத்தத குடு."

ராய்ஸ் இடது தோளில் துப்பாக்கியை ஏற்றி, இடது கண்ணை வைத்துத் தடவித் தடவிக் குறி பார்த்தார். நாற்பத்தைந்து வருஷம் வலது தோளில் சுட்ட மனுஷன். போன நவம்பரில் வலது கண் போனபிறகு, இடது கைக்காரர்களுக்கான துப்பாக்கி ஒன்று வாங்கி, இந்த ஆகஸ்ட் வெயிலில் ஜல்லிப் பள்ளத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து பழகுகிறார். டெல்மர் பார்வையை நோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

ராய்ஸுக்குத் தோட்டா கட்டுவது டெல்மர்தான். இருபது வருஷமாக அப்படித்தான். தோட்டா கட்டும் புத்தகத்தில் போட்டிருக்கும் குறைந்த அளவில் வெடிமருந்தை எடைபோட்டு, மூன்று மூன்றாகக் கட்டி, படி படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். துப்பாக்கி முகம் சுளிக்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். கூடு மாறினாலும் மருந்து டப்பா மாறினாலும், அதே கம்பெனி அதே பெயர் என்றாலும்கூட, மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு டப்பா இன்னொரு டப்பாவைவிடச் சூடாக எரியும். இதெல்லாம் டெல்மருக்குத் தெரியாததல்ல. ஊரில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

போன நவம்பரில், எல்க் மான் வேட்டைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பழைய டப்பா காலியானது. புதுசைத் திறந்தார். கூடுகளும் வேறு கம்பெனி, சுவர் கொஞ்சம் தடிமன், உள்ளே இடம் குறைவு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் யார் பள்ளத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பது என்று, நோட்டிலிருந்த பழைய அளவை, அதுவும் உச்ச அளவை, அப்படியே போட்டு இருபது தோட்டாக்களையும் கட்டிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது தோட்டாவில் கூடு கிழிந்து, நெருப்புக் காற்று ராய்ஸின் முகத்தில் அடித்தது.

குழல் முனையில் பனி அடைத்து, அதனால்தான் வெடித்திருக்கும் என்றார்கள் எல்லோரும். அன்று தான் வழுக்கிக் கீழே விழுந்தபோது துப்பாக்கி பனியில் குத்தியது என்று ராய்ஸே சொன்னார். காரின் என்ற அவர் மகள் அதையே பிடித்துக்கொண்டாள். குழலைக்கூடப் பார்க்காமல் சுடுகிறவரோடு இனி மலைக்கு வரமாட்டேன், என் பிள்ளைகளையும் அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள். அப்பாவும் மகளும் அவளுடைய பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் போன வேட்டை அது.

நான்காம் படி. இரண்டாவது தோட்டா வெடித்தபின் ராய்ஸ் காலிக் கூட்டை வெளியே எடுக்க, துப்பாக்கியின் தாழான போல்ட்டைத் தூக்கினார். வழக்கமாக வழுக்கிக்கொண்டு வருவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டதன் அடையாளம்.

"போதும். நிறுத்து," என்றார் டெல்மர்.

"புத்தகத்துல இன்னும் ரெண்டு படி இருக்கேடா."

"இந்தத் துப்பாக்கிக்கு இவ்ளோதான்."

"அடேயப்பா, கிழவனுக்கு வந்த பயத்தப் பாரு! போன வருஷம்லாம் இப்படிப் பயந்தியா?"

டெல்மர் நோட்டை மூடினார். ஒன்பது மாதமாக மறைத்து வைத்திருந்தது தானாக வந்துவிட்டது.

"போன வருஷம் பயந்திருக்கணும். ராய்ஸ், அது பனி இல்ல. புது டப்பா, புதுக் கூடு. நான் கீழேருந்து ஏத்திப் பாக்கல. பழைய அளவையே போட்டுக் கட்டிட்டேன்."

ராய்ஸ் துப்பாக்கியை மெல்ல மேசையில் கிடத்தினார். 

"ஆஸ்பத்திரிலேருந்து காரின் உனக்குப் போன் பண்ணாள்ல? தோட்டால கோளாறு இருக்குமான்னு கேட்டாளே. என்ன சொன்ன?"

"தோட்டா சரியாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன்."

"மிச்சம் பதினேழு?"

"அன்னிக்கே பிரிச்சுட்டேன். மருந்த உரமா முன்வாசல் புல்லுல தூவிட்டேன்."

"அதான் மே மாசமே உன் வீட்டுப் புல்லு அப்படிப் பச்சையா நின்னுச்சா," என்றார் ராய்ஸ். சிரிக்கிற மாதிரி தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. "கண்ணு போனது போகட்டும்டா. அவ என்னைப் பாக்குற பார்வை... புத்தி கெட்ட கிழவனப் பாக்குற மாதிரி. ஒன்பது மாசம், டெல்மர்! நானே என்னை நம்பாம இருந்தேன்."

டெல்மருக்கு மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

ராய்ஸ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணருகே பிடித்து எண்ணைத் தேடி அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, டெல்மர் பக்கமாகத் தள்ளினார்.

"என்கிட்ட சொன்னது போதாது. அவகிட்ட சொல்லு."

நான்கு முறை மணி அடித்தபிறகு காரின் எடுத்தாள்.

"என்னப்பா, பள்ளத்துலயா இருக்க? மறுபடியும் சுடுறியா? சுடுறதுக்கு முன்னால குழலுக்குள்ள பாத்தியா?"

ராய்ஸ் பெஞ்சில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். மூடித் தைத்த வலது இமைதான் டெல்மர் பக்கம் இருந்தது.

"அப்பா? லைன்ல இருக்கியா?"