சூளைக்காரிகளும் வீட்டுக்குப் போனார்கள்

ஆக்கன்ரீ நிலக்கரிச் சுரங்கத்தில் ஒருவன் செத்தால், அன்றைக்கு எல்லோரும் கருவியைப் போட்டுவிட்டு அவன் உடலுக்குப் பின்னால் வீட்டுக்கு நடப்பார்கள். அன்று காலை பாறை சரிந்து டூகல் செத்தான். மேலே, நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக்கும் சூளையில் வேலை செய்த மாரியனும், வெந்த கரியை வெளியே இழுக்கும் நீளக் கம்பியைக் கீழே போட்டாள்.

மேலாளர் லெனாக்ஸ் ஓடிவந்தார். "நீ எங்கடீ கிளம்பிட்டே? அந்த வழக்கமெல்லாம் சுரங்கத்துக்குள்ள இருக்கிறவனுக்குத்தான். இப்ப இழுக்கலைன்னா மொத்தமும் சாம்பலாயிடும்!"

"ஆகட்டுமே."

"செத்தவன் உனக்கு என்ன உறவு?"

"உள்ள எரியுதே, அது முந்தாநாள் அவன் வெட்டின கரி. இன்னிக்கு நான் அதைத் தொட மாட்டேன்."

"உன் வேலை போயிடும்!"

மாரியன் இடுப்பில் கட்டியிருந்த சாக்குத்துணியை அவிழ்த்து அவர் தோளில் போட்டாள். "கம்பி அங்க கிடக்கு. உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்ல?"

மற்றச் சூளைக்காரிகள் பதினொரு பேரும் அவளோடு நடந்தார்கள்.

மறுநாள் வந்து பார்த்தால், அங்கிருந்த முப்பது சூளையில் ஒன்று மட்டும் பாதி காலியாகியிருந்தது; மற்றதெல்லாம் சாம்பல். லெனாக்ஸின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கையாலேயே கம்பியை மாரியனிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். "அடுத்த தடவை கையில ஈரத்துணி சுத்திக்குங்க சார்."